கையெழுத்துக்குக் காணிக்கை

டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்று கேலி பேசாத ஊர் கிடையாது. அந்தப் புரியாத கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்கிற ஊரும் கிடையாது. மருந்துச் சீட்டில் நான் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கிறதாம். அதே கோழி பேங்க் பாரத்தில் கிளறினால் அதற்குப் பெயர் அத்தாட்சி.

நான் கிளினிக் வைத்திருப்பது பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகிற சாலையில் ஒரு சின்ன ஊரில். பெயருக்குக் கேரளம், பேச்சுக்குக் கோயம்புத்தூர். எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்பு நுழைவுத் தேர்வு என்னை வருடாவருடம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியதால், சொந்த மண்ணுக்குச் சேவை செய்ய வந்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (வேறு எப்படிச் சொல்வதாம்?)

கிளினிக் இருந்த கட்டிடம் மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் சொந்தம். வாடகை ஒப்பந்தம் அந்த வருடத்து நோம்பியோடு முடிகிறது. எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர். பாலக்காட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் அந்த இடத்தைக் கேட்டு கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து ஐயாவிடம் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு போடுகிறேன், ஏ.சி. வைக்கிறேன், வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றெல்லாம் ஆசை காட்டினார். என் கிளினிக்கில் காற்றாடி சுற்றினால் நோயாளிகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஊரில் வேறு கட்டிடம் கிடையாது. இடம் போனால் கிளினிக் போச்சு, நான் மறுபடி ஏதாவது ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அந்த வருடம் முழுக்க நாச்சிமுத்து ஐயா தும்மினால்கூட நான் ஓடிப்போய் நாடி பிடித்தேன்.

இந்த லட்சணத்தில் காகிதத் தொல்லை. எங்கள் ஆட்களுக்குக் கையெழுத்து என்றால் ஒப்பு. மலையாளத்திலிருந்து வந்த சொல். "ஒப்புப் போட்டுக் குடுங்க" என்று காலையிலேயே கூட்டம் நிற்கும். காய்ச்சல் சர்ட்டிபிகேட் என்றால் சரி, அது என் தொழில். இவர்கள் கொண்டு வருவது என்ன? பையன் நல்லவன் என்பதற்கு ஒரு சான்று. இந்தப் போட்டோவில் இருப்பவர் இவரேதான் என்பதற்கு இன்னொன்று. மண்டபம் வாடகைக்கு எடுக்க சாட்சி ஒப்பு. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை என் ஊட்டுப் பக்கம் சாய்கிறது என்று பஞ்சாயத்துக்கு மனு, அதில் முதல் கையெழுத்து டாக்டருடையது. சாய்ந்த தென்னைக்கு நான் என்ன வைத்தியம் பார்ப்பது?

"இதுக்கு அரசாங்க உத்தியோகத்துல இருக்கறவங்க ஒப்பு வேணுமுங்க, நான் பிரைவேட் டாக்டர்" என்று ஒருத்தரிடம் சொன்னேன்.

"அட, பரவாயில்லீங்க டாக்டரே. நாங்க அதெல்லாம் பார்க்க மாட்டமுங்க" என்றார் பெருந்தன்மையாக.

அவர்களுக்கு வேண்டியது என் பெயரல்ல, என் ரவுண்டு சீல். அது காகிதத்தில் விழுகிற சத்தம் கேட்டால்தான் முகத்தில் ஒரு நிம்மதி வரும். மாத்திரை எழுதிக் கொடுத்தபோது அந்த நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் தென்னை மனுவைப் படித்துப் பார்த்து (ஒப்புப் போடும் முன் படிப்பது என் கெட்ட பழக்கம்) இரண்டு தரப்பையும் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். வரிசைக் கடைசியில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கடைசியில் வெறும் வாயுத் தொல்லை, அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். ஆனால் வாயுத் தொல்லையாக இல்லாமல் போயிருந்தால்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பயந்திருந்தேன்.

என்னோடு படித்த ஜெபராஜுக்குப் போன் போட்டேன். அவன் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"லேய், நீ டாக்டரா, இல்ல தாலுகா ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு உக்காந்திருக்கவனா?" என்றான். "வக்கீலு சும்மா கையெழுத்துப் போடுவானா? பத்திரம் எழுதுறவன் போடுவானா? ஒரு கையெழுத்துக்கு இவ்வளவுன்னு போர்டு வை. பாதிக் கூட்டம் அன்னைக்கே ஓடிரும்."

"நீ வாங்குறியாடா?"

"நான் எதுக்குல வாங்கணும்? நான் எஸ்டேட் சம்பளக்காரன். நீதான பிரைவேட்டு."

யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் ஏன் மலை மேலேயே இருக்கிறார்களோ தெரியவில்லை. என் மனைவி கவிதாவோ வேறு கட்சி.

"ஏனுங்க, மருந்துக்குக் காசு வாங்குங்க, ஊசிக்கு வாங்குங்க. பேரை எழுதறதுக்குக் காசு வாங்குனா நாளைக்கு எங்க அப்பா ஊட்டுல நான் எப்படித் தலை காட்டறது?" என்றாள்.

நான் ஜெபராஜ் கட்சியில் சேர்ந்தேன். என் நேரத்துக்கு ஒரு விலை உண்டு, நான் என்ன பொதுச்சொத்தா என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. கை நீட்டிக் காசு வாங்கக் கூச்சம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், பெட்டி வைப்பது. நான் கேட்க வேண்டாம், அவர்களும் என் கையில் தர வேண்டாம். பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், மேலே துவாரமும் பக்கவாட்டில் பூட்டும் உள்ள எவர்சில்வர் பெட்டி ஒன்று வாங்கினேன். "வீட்டுக்குங்களா, கோயிலுக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆபீசுக்கு" என்று கெத்தாகச் சொன்னேன். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அப்புறம் போர்டு. "ஒரு கையொப்பத்துக்கு ஐம்பது ரூபாய்" என்று முதலில் எழுதினேன். படிக்கப் படிக்க எனக்கே கோபம் வந்தது. யார் இந்தப் பணப்பேய் என்று தோன்றியது. அடித்துவிட்டு, அடித்துவிட்டு, கடைசியில் எழுதியது இது: "மருத்துவம் சாராத கையொப்பங்களுக்குத் தங்களால் இயன்றதை இப்பெட்டியில் இடவும்." ஒரு கோழை எழுதக்கூடிய மிகச் சிறந்த வாக்கியம் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் சில நாள் ஒரு காசு விழவில்லை. வாசலில் இருந்த பெட்டி மேல் குடையை வைத்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீர்கூட வைத்தார்கள். பஸ்ஸில் பாட்டுப் பாடுகிறவர்கள் தட்டில் முதல் நோட்டைத் தாங்களே போடுவார்களே, அதே மாதிரி நானும் ஒரு நோட்டைத் துவாரத்தில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகி வைத்தேன். மதியத்துக்குள் யாரோ அதை எடுத்து, "கீழ விழுகப் பாத்துதுங்க" என்று பத்திரமாக என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் தெய்வானை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கிளினிக்கின் நர்ஸ், கேஷியர், மேனேஜர் எல்லாமே அவர்தான். வெள்ளிக்கிழமையானால் கிளினிக்கைக் கழுவி விட்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவார். பி.பி. பார்க்கிற மிஷினுக்குப் பொட்டு. எடை மிஷினுக்குப் பொட்டு. ஸ்டெதஸ்கோப்புக்கும் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை நெஞ்சு காட்டிய ஆண்கள் எல்லோரும் குங்குமத்தோடு வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டி வந்த காலமும் உண்டு. பெட்டி வந்தபின் வந்த வெள்ளிக்கிழமை, வழக்கப்படி அதற்கும் சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மிச்சமிருந்த மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார்.

அவ்வளவுதான். மேலே துவாரம், பக்கத்தில் பூட்டு, நெற்றியில் குங்குமம், கழுத்தில் மல்லிகை. கட்டிடமோ மாரியம்மனுடையது. நோம்பி வேறு நெருங்குகிறது. போர்டில் "தங்களால் இயன்றதை" என்று பணிவாக எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

எனக்கு மட்டும் வேண்டியிருந்தது. தடதடவென்று காசு விழ ஆரம்பித்ததும், நான் எழுதிய வாக்கியத்தின் மகிமை என்றுதான் நினைத்தேன். பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உடம்பு புல்லரித்தது.

"கன்னத்துல போட்டுக்கறாங்கடா" என்று ஜெபராஜிடம் பெருமை அடித்தேன்.

"லேய், பீஸ் கேக்குறவனைப் பாத்து எவம்லே கன்னத்துல போடுவான்? கன்னத்துல அறையத்தான் செய்வான். என்னமோ சரியில்ல, பாத்துக்க."

பொறாமை என்று போனை வைத்துவிட்டேன்.

கூட்டம் குறையும் என்றுதானே பெட்டி வைத்தது? இரண்டு மடங்கானது. இந்தப் பெட்டிக்கு முன்னால் ஒப்பு வாங்கினால் காரியம் கைகூடும் என்று பேச்சு. ஒரு பையனுக்கு இங்கே ஒப்பு வாங்கிய மறுவாரமே வேலை கிடைத்துவிட்டதாம். பொள்ளாச்சியிலிருந்துகூட ஆள் வந்தது. மஞ்சள் துணியில் முடிந்த காசு விழுந்தது. நான் அதைக் கிராமத்துச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடமாக என்னிடம் முட்டி வலிக்கு மாத்திரை வாங்கிய கணக்கு வாத்தியார், ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்து வெள்ளியில் செய்த சின்னக் காலை டங்கென்று பெட்டிக்குள் போட்டார்.

"வலி சுத்தமா உட்டுப்போச்சுங்க டாக்டர். மாத்திரையை நிறுத்திப்போட்டனுங்க."

வெள்ளிக் கால் எந்த மாதிரியான பீஸ் என்று யோசிக்காத அளவுக்கு நான் அன்றைக்குப் படித்தவனாக இருந்தேன்.

உண்மை எனக்கு உறைத்தது வேறு வழியில். வைத்தியத்துக்கு வருகிறவர்களும் பீஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைக்கு இருமல் பார்த்துக்கொண்ட ஒரு அம்மா எழுந்து நேராக வாசலுக்குப் போனார். தெய்வானை அக்கா பீஸ் கேட்டதும், "உண்டியல்ல போட்டுட்டனுங்களே" என்றார்.

உண்டியல்!

எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றிய மாதிரி இருந்தது. அக்காவை உள்ளே கூப்பிட்டேன்.

"அக்கா, வெளிய இருக்கறது என்னன்னு சனங்க நெனச்சுட்டு இருக்கறாங்க?"

அவர் புடவைத் தலைப்பைத் திருகினார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. எந்தக் கோயிலுக்குன்னு கேட்டாங்க. நான் சும்மா தலையை ஆட்டுனனுங்க."

"எப்படி ஆட்டுனீங்க?"

ஆட்டிக் காட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம், இல்லை, தெரியாது, மாரியம்மன் என்று எல்லாமே அர்த்தம்.

"ஒப்புக்குக் காசு கேக்கறதுக்கு எனக்கு நாக்கு வரலீங்க. உங்களுக்கும் வரலீங்கல்ல? வந்திருந்தா காசு இவ்வளவுன்னு போர்டுலயே எழுதியிருப்பீங்களே" என்றார்.

சரி, இன்றைக்கே பொட்டை அழித்துவிடுவோம் என்று பஞ்சில் ஸ்பிரிட் எடுத்து, கூட்டம் குறைந்த நேரம் பார்த்துத் துடைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க டாக்டர், அபிஷேகமுங்களா?" அந்தப் பெண் விடுவிடுவென்று எதிர் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மஞ்சத்தண்ணீரோடு வந்தாள். நான் ஊற்றினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? தெய்வானை அக்கா புதிதாகச் சந்தனம் வைத்தார்.

அன்று ராத்திரி கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"இதை நாச்சிமுத்து ஐயா கேள்விப்பட்டா? சாமி பேரைச் சொல்லிக் காசு சேர்த்தறீங்கன்னு நெனச்சுட்டா? இடத்தை உடுங்க, ஊரே நம்மளைத் தூக்கி வீசிப்போடும்."

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் முதல் வேலையாக ஐயாவைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஐயா என்னை முந்திக்கொண்டார்.

நான் பைக்கை நிறுத்தும்போதே கிளினிக் வாசலில் செண்டை மேளச் சத்தம். கமிட்டி மொத்தமும் வெள்ளை வேட்டியில் நிற்கிறது. தாம்பாளத்தில் தேங்காய், பழம், ரோஜா மாலை. எனக்கு முட்டி இரண்டும் கழன்றுவிட்டது. (கணக்கு வாத்தியாரும் கூட்டத்தில்தான் இருந்தார், துள்ளிக்கொண்டு.) நாச்சிமுத்து ஐயா முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் தம்பி, உங்களை நாங்க என்னமோன்னு நெனச்சுப்போட்டமுங்க. தானுண்டு, ஊசியுண்டுன்னு இருக்கற ஆளுன்னு நெனச்சம். நோம்பிக்குன்னு சத்தமில்லாம பொட்டி வெச்சுச் சேர்த்தீட்டு இருந்திருக்கறீங்க!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, காரணம் வேறு.

"பல்லு டாக்டர் நேத்துக்கூட ஆள் அனுப்புனாருங்க. ஒரே பேச்சுல முடிச்சுப்போட்டேன். அம்மனுக்குச் சேர்த்தற மனுசன் அங்க இருக்கறாரு, சம்பாதிக்க வர்றவங்களுக்கு எடமில்லைன்னு."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசாட்சி பிடரியில் தட்டியது. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"ஐயா, இது வந்துங்க… அம்மனுக்குன்னு வெச்சதில்லீங்க… என்ற ஒப்புக்கு…"

"கேட்டீங்களாப்பா!" என்று ஐயா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இத்தனை செஞ்சுபோட்டு, தான் செஞ்சேன்னு சொல்லிக்க மாட்டேங்கறாரு பாருங்க!"

செண்டைக்காரர்கள் அடித்த அடியில் என் மிச்ச உண்மை யாருக்கும் கேட்கவில்லை. மாலையை என் கழுத்தில் போட்டார்கள். சாவியைக் கேட்டார்கள். பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியை விரித்துக் கொட்டியபோது நோட்டும் சில்லறையும் மஞ்சள் முடிச்சும் மலையாகக் குவிந்தன. அதற்குள்ளிருந்து வெள்ளிக் கண்கள் இரண்டு என்னையே பார்த்தன. இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று நான் பார்த்த வைத்தியத்துக்கு வர வேண்டிய பீஸ் எல்லாம் மேளதாளத்தோடு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பிறகு ஐயா ஒரு பத்திரத்தை எடுத்து என் மேசை மேல் வைத்தார். வாடகை ஒப்பந்தம், இன்னும் ஐந்து வருடத்துக்கு, பழைய வாடகைக்கே. எனக்கு உயிர் வந்தது. போனால் போகிறது, சாமிக்குத்தானே போகிறது, இடம் தங்கியதே போதும் என்று பேனாவைத் திறந்தேன். ஐயா உள்ளங்கையால் பத்திரத்தை மூடினார்.

"இருங்க தம்பி. இது மருத்துவத்துல சேருமுங்களா?"

"இல்லீங்க… வாடகைப் பத்திரமுங்க."

"அப்ப மருத்துவம் சாராத ஒப்புங்க." அவர் போர்டைக் காட்டினார். முகத்தில் துளி கேலி இல்லை, பக்திதான். "பொட்டி இப்பக் காலியாக் கெடக்குது. மொதல் காணிக்கை உங்க கையால உழுகட்டுமுங்க. எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தானுங்களே?"

நான் பர்ஸைத் திறந்தேன். ஊரே எட்டிப் பார்த்தது. தங்களால் இயன்றது என்று எழுதிய மேதை நான். கழுத்தில் மாலையும் எதிரில் செண்டையுமாக நிற்கிற ஒரு டாக்டருக்கு இயன்றது பத்து ரூபாய் என்றால் யார் நம்புவார்கள்? பர்ஸில் இருந்ததிலேயே பெரிய நோட்டாக எடுத்தேன். இன்னொன்றையும் எடுத்தேன், முதலாவது தனியாகப் போக வெட்கப்பட்டது. போட்டுவிட்டு, தெய்வானை அக்கா கண்ணைக் காட்டியதால் கன்னத்திலும் போட்டுக்கொண்டு, என் பெயரை நானே எழுதினேன். கையெழுத்துக்குக் காசு வாங்கப் புறப்பட்டு, சொந்தக் கையெழுத்துக்குக் காசு கொடுத்த ஒரே டாக்டர் இந்த வட்டாரத்தில் நான்தான். ஜெபராஜிடம் போனில் சொன்னபோது அவன் சிரிப்பதற்காகவே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஓ.பி.யை நிறுத்திவிட்டான்.

பெட்டி இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது சாவி கமிட்டியிடம். நோம்பி மைக்கில் என் பெயரை உபயதாரர் என்று அலறுகிறார்கள். ஒப்புக் கூட்டம் குறையவில்லை. வைத்தியத்துக்கான பீஸை மட்டும் அக்கா உள்ளேயே வைத்து வாங்கிவிடுகிறார், நோயாளி பெட்டியைப் பார்ப்பதற்குள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையை மீறி முதலில் உள்ளே அனுப்பவும் பழகிவிட்டார். அந்த ஒன்றை நான் முதலிலேயே வாய் திறந்து கேட்டிருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

சமீபத்தில் பாலக்காட்டில் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், மருத்துவம் சாராத காகிதங்களுக்குக் கட்டணம் வாங்கலாமா என்று காரசாரமான விவாதம் நடந்தது. நியாயம் என்றார்கள் சிலர், அநியாயம் என்றார்கள் சிலர். எனக்கு இதில் அனுபவம் உண்டு என்று எவனோ போட்டுக் கொடுக்க, என்னை எழுப்பி நிறுத்தினார்கள். "தாராளமாக வாங்கலாம். வாய் திறந்து கேட்கத் தெரிந்தவர்கள் மட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு உட்காருகிற சுதந்திரமும் எனக்கு இல்லை. கூரியர்காரர் வாசலில் வந்து நின்றால் கவிதா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏனுங்க, சில்லறை எடுத்துட்டு வாங்க, ஒப்புப் போடோணுமாம்" என்பாள். ஐந்தாவது படிக்கும் என் மகள் அதையும் தாண்டிவிட்டாள். போன மாதம் கணக்குப் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க்கை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. திட்டுவதற்குத் தயாராக நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அடக்க ஒடுக்கமாக வந்து மதிப்பெண் அட்டையை என் முன்னால் வைத்தாள். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

பேனாவைத் திறந்து ஒப்புப் போட்டுக் கொடுத்தேன்.